வில்லி நெல்சனின் ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு யார் வந்தாலும் இந்த ஆல்பத்தைப் போட்டுவிடுவது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வந்தவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் ஏதாவது கேட்டுவிடுவார்கள், அதுவும் பெரும்பாலும் போன தடவை வேறு யாரோ கேட்ட அதே கேள்வி. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

முதல்ல இது என்ன ஆல்பம்? இந்த தாத்தா யாரு?

வில்லி நெல்சன், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக்காரர், ‘கன்ட்ரி’ என்ற கிராமிய வகை இசைப் பாடகர். 1933-இல் ஆபட் என்ற சின்ன ஊரில் பிறந்து, தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, பஞ்சுக் காட்டில் வேலை பார்த்து, ஆறு வயதில் கிட்டார் கையில் வாங்கியவர். இரண்டு சடையும் தலைத்துணியுமாக நீங்கள் பார்த்திருக்கும் படங்கள் பிற்காலத்தவை. இந்த ஆல்பம் 1975 மே மாதம் கொலம்பியா நிறுவனத்தின் வெளியீடாக வந்தபோது அவருக்கு 42 வயது. தாத்தாவும் இல்லை, புதுமுகமும் இல்லை. அவருடைய பதினெட்டாவது ஸ்டுடியோ ஆல்பம் இது.

அதுவரை அவருக்குப் பேர் பாட்டு எழுதுகிறவர் என்றுதான். 1961-இல் பாட்ஸி க்ளைன் பாடிய ‘கிரேஸி’ இவர் எழுதியது, அதே வருடம் ஃபாரன் யங் பாடி ஓடிய ‘ஹலோ வால்ஸ்’ இவர் எழுதியது. அடுத்தவர் பாடினால் ஓடும், இவரே பாடினால் ஓடாது. கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில் நகரத்தில் ஆர்சிஏ நிறுவனத்துக்காகப் பல வருடம் பாடியும் பெரிதாக எதுவும் விற்கவில்லை. அந்தக் கணக்கு இந்த ஆல்பத்தில்தான் தலைகீழானது.

தலைப்புக்கு என்ன அர்த்தம்? சிவப்புத் தலையா?

செம்பட்டை முடி. ஸ்ட்ரேஞ்சர் என்பதை அந்நியன் என்பதைவிட ‘அசலூர்க்காரன்’ என்று சொன்னால் சரியாகப் பொருந்தும். திடீரென்று ஊருக்குள் குதிரையில் வந்து இறங்குகிறான், யார் எவர் என்று தெரியாது, ஆனால் அவன் வழியில் குறுக்கே போகாமல் இருப்பது நல்லது என்று பார்த்தவுடன் தெரிகிறது. அப்படி ஒருவன். வில்லி நெல்சனுக்கும் அப்போது செம்பட்டை முடிதான், அதனால் கதாபாத்திரத்தின் பேர் பாடினவருக்கே ஒட்டிக்கொண்டது.

கன்ட்ரின்னா தொப்பி போட்டுக்கிட்டு டிரக்கைப் பத்தி பாடுறதுதானே? எனக்கு அதெல்லாம் செட் ஆகாது.

நீங்கள் சொல்வது இப்போது வானொலியில் ஓடுகிற வகை. கன்ட்ரி இசையின் வேர் அமெரிக்காவின் தென்மாநிலக் கிராமங்களில் இருக்கிறது: பிரிட்டன், அயர்லாந்திலிருந்து வந்தவர்களின் கதைப்பாடல்கள், கறுப்பின மக்களின் ப்ளூஸ், தேவாலயத் துதிப்பாடல்கள், மெக்சிகோ எல்லையிலிருந்து வந்த மெட்டுகள் எல்லாம் கலந்தது. இந்த ஆல்பத்தில் அந்த நாலும் உண்டு.

ஒரு ஆளை உட்கார வைத்து ஒரு கதையைப் பாடிச் சொல்வதுதான் இதன் அடிப்படை வேலை. வில்லுப்பாட்டோ கதைப்பாடலோ கேட்டு வளர்ந்தவருக்கு அது ஒன்றும் புது விஷயம் இல்லை. மொழிதான் வேறு.

கதைன்னு சொல்றீங்க, எனக்கு ஒரு எழவும் புரியலையே?

நியாயம்தான், ஏனென்றால் கதையை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. நடுநடுவே விட்டுவிட்டுப் போகிறது. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். காலம் 1901. ஒரு பாதிரியார், மதப் பிரசங்கம் செய்கிறவர். மனைவி மேல் உயிரையே வைத்திருக்கிறார். அவள் பழைய காதலனோடு போய்விடுகிறாள். நம்ப முடியாமல் குழந்தை மாதிரி அழுகிறார், நடுராத்திரியில் சிறுத்தை மாதிரி கத்துகிறார், அப்புறம் குதிரையில் சேணம் கட்டிக் கிளம்பிவிடுகிறார். மொன்டானாவில் ஒரு மதுக்கடையில் இருவரையும் கண்டுபிடித்துச் சுட்டுக் கொல்கிறார். இது முழுக்க முதல் எட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு அவர் பாதிரியார் இல்லை, ஊர் ஊராகச் சுற்றும் அசலூர்க்காரன். கறுப்புக் குதிரையில் உட்கார்ந்திருக்கிறான், பின்னாலேயே ஆள் இல்லாத இன்னொரு குதிரை வருகிறது. அது செத்துப்போனவளின் குதிரை. ஒரு ஊரில் மஞ்சள் முடிக்காரி ஒருத்தி அந்தக் குதிரைமேல் ஆசைப்பட்டு அதன்மேல் கை வைக்கிறாள், அவளையும் சுட்டுவிடுகிறான். குதிரை திருடப் பார்த்தவளைக் கொன்றதற்குத் தூக்கில் போட முடியாது என்று சட்டமும் விட்டுவிடுகிறது. இசைத்தட்டின் இரண்டாவது பக்கத்தில் ஆள் டென்வர் நகரத்துக்கு வருகிறான், ஒரு பெண்ணைச் சந்திக்கிறான், கூடவே ஆடுகிறான். கடைசியில் எங்கோ ஒரு இடத்தில் அமைதியாகி உட்கார்ந்துவிடுகிறான். நிஜமாகவே அமைதியானானா, இல்லை களைத்துப் போனானா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

சில பாட்டு ஒரு நிமிஷம்கூட இல்ல. என் ஃபோன்ல சரியா டவுன்லோடு ஆகலையா?

ஃபோன் நன்றாகத்தான் இருக்கிறது. ‘டென்வர்’ ஒரு நிமிடத்துக்கும் குறைவு. முகப்புப் பாடலான ‘டைம் ஆஃப் த ப்ரீச்சர்’ இரண்டு முறை துண்டாகத் திரும்பி வரும், அதில் ஒன்று அரை நிமிடம்கூட இருக்காது. மொத்தம் 15 துண்டுகள், ஏறக்குறைய 33 நிமிடம். நாடகத்தில் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே கட்டியங்காரன் வந்து நாலு வரி பாடிவிட்டுப் போவானே, அந்த வேலையைத்தான் அந்தத் துண்டுகள் செய்கின்றன.

அதனால் ஒரு விஷயம்: தயவுசெய்து ஷஃபிளில் போடாதீர்கள். ஒரு நண்பர் அப்படிப் போட்டுக் கேட்டுவிட்டு, இவன் முதலில் சமாதானமாகி அப்புறம் எதற்குக் கொலை செய்கிறான் என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

இந்த ஐடியா அவருக்கு எப்படி வந்துச்சு?

தலைப்புப் பாட்டு இவருடையது இல்லை. ஈடித் லிண்டமன், கார்ல் ஸ்டட்ஸ் என்ற இருவர் ஐம்பதுகளில் எழுதியது. ‘கிட்டார் பூகி’ ஸ்மித் என்று பேர் வாங்கிய ஆர்தர் ஸ்மித் பாடிய இசைத்தட்டு அது. வில்லி நெல்சன் அப்போது ஃபோர்ட் வொர்த் நகரத்தில் வானொலியில் தட்டு ஓட்டுகிற வேலை பார்த்தார். மத்தியானம் குழந்தைகள் தூங்குகிற நேரத்து நிகழ்ச்சியில் இதைப் போடுவார். அப்புறம் தன் பிள்ளைகளுக்கும் தாலாட்டாகப் பாடியிருக்கிறார். ஆமாம், மேலே சொன்ன அந்தக் கொலைக் கதையைத்தான். நம் ஊர்த் தாலாட்டிலும் மாமன் அடித்தான், அத்தை அடித்தாள் என்று விசாரணை நடக்கும்தான், ஆனாலும் இது கொஞ்சம் அதிகம்.

1974-இல் கொலம்பியாவோடு ஒப்பந்தம் ஆனபிறகு, கொலராடோவிலிருந்து ஆஸ்டினுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தபோது, அடுத்து என்ன பாடுவது என்று பேச்சு வந்திருக்கிறது. அப்போதைய மனைவி கான்னி, பிள்ளைகளுக்குப் பாடுவீர்களே, அதைப் பாடுங்களேன் என்றிருக்கிறார். அந்த ஒரு பாட்டுக்கு முன்னால் என்ன நடந்திருக்கும், பின்னால் என்ன நடந்திருக்கும் என்று வண்டி ஓட்டிக்கொண்டே யோசித்ததில் மொத்தக் கதையும் வந்துவிட்டது.

ரெக்கார்டிங் பாதியில நின்ன மாதிரி இருக்கே? வயலின் எல்லாம் சேர்க்க மறந்துட்டாங்களா?

நீங்கள் கேட்ட இதே கேள்வியைத்தான் கொலம்பியா நிறுவனத்தின் பெரிய தலைகளும் கேட்டார்கள். இது டெமோ, அதாவது பாட்டு இப்படி இருக்கும் என்று காட்டுவதற்கான கச்சாப் பதிவு என்றே நினைத்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தக் காலத்து நாஷ்வில் பாணி என்பது பாடகருக்குப் பின்னால் ஒரு வயலின் கூட்டம், கூடவே ‘ஊ’, ‘ஆ’ என்று ஒரு கோரஸ், அதற்குமேல் எல்லாவற்றையும் மெழுகு பூசின மாதிரி வழவழப்பாக்கும் ஒரு மிக்ஸிங். வாசிப்பவர்களும் மாதச் சம்பளக்காரர்கள் மாதிரி காலையில் ஒருவருக்கு, மாலையில் இன்னொருவருக்கு என்று வாசித்துவிட்டுப் போவார்கள். அறுபதுகளில் வில்லி நெல்சனின் பல ஆல்பங்களும் அப்படி ஆனவைதான், போட்டுக் கேட்டால் அவர் குரல் ஏதோ திருமண மண்டபத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி இருக்கும்.

இங்கே அதெல்லாம் கிடையாது. ‘ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின்’ பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஒரு கிட்டார், அடியில் மெதுவாக ஒரு பேஸ், ஒரு குரல். நடுவில் ஒரு சின்ன கிட்டார் தனி வரும், அதில் வேகமே இல்லை, பாட்டின் மெட்டையே கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொல்வது மாதிரி இருக்கும். வரிக்கும் வரிக்கும் நடுவே இடம் காலியாகக் கிடக்கும். வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தில் எதையாவது கொண்டுவந்து அடைத்திருப்பார்கள். மனைவி போய்விட்ட வீட்டில் அடைக்க என்ன இருக்கிறது? என்னைக் கேட்டால் இந்த ஆல்பத்தில் பாதி வேலையைச் செய்வது அந்தக் காலி இடம்தான்.

அப்ப கம்பெனிக்காரங்க எப்படி அப்படியே விட்டாங்க?

ஒப்பந்தம். இசை விஷயத்தில் முடிவு முழுக்கப் பாடகருடையது என்று எழுதி வாங்கியிருந்தார். அந்தக் காலத்துக் கன்ட்ரி உலகத்தில் அது லேசில் கிடைக்காத சலுகை. பிடிக்கவில்லை என்றாலும் அவர்கள் வெளியிட்டே ஆகவேண்டும். வெளியிட்டார்கள்.

நியூயார்க் அலுவலகத்தில் நடந்த ஒரு காட்சியைப் பலரும் பல விதமாகச் சொல்வார்கள். கொலம்பியாவின் ப்ரூஸ் லண்ட்வால் ஒலிநாடாவைக் கேட்டுவிட்டு, இதை நாஷ்விலுக்கு அனுப்பி மேலே ஏதாவது சேர்க்கச் சொல்லலாமே என்ற மாதிரி பேச, கூட இருந்த வேலன் ஜென்னிங்ஸ், வில்லியின் கூட்டாளியும் இன்னொரு பெரிய பாடகரும், எழுந்து நின்று உனக்குக் காது இருக்கிறதா என்ற தொனியில் திட்டித் தீர்த்துவிட்டார் என்பதுதான் அதன் சாரம். ஆல்பம் ஓடினபிறகு லண்ட்வால் தன் தப்பை நல்ல மனதோடு ஒப்புக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

செலவு ரொம்ப கம்மின்னு சொல்றாங்களே, எவ்வளவு?

ஏறக்குறைய 4,000 டாலர் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. டல்லஸ் பக்கத்தில் கார்லண்ட் என்ற ஊரில் ‘ஆட்டம் சவுண்ட்’ என்று புதிதாக வந்த ஒரு ஸ்டுடியோ, ஒலிப்பதிவாளர் ஃபில் யார்க். 1975 ஜனவரியில், ஒரு சில நாள் வேலை. வெளியாட்களை அழைக்கவில்லை, மேடையில் தினமும் கூட வாசிக்கிற தன் ஆட்களையே வைத்துக்கொண்டார், அதனால் பாட்டு சொல்லிக்கொடுக்கிற நேரம் மிச்சம். காசு குறைந்ததற்கு அதுதான் முக்கியக் காரணம், கஞ்சத்தனம் இல்லை.

கிட்டார் சத்தம் ஏன் இப்படி தகரத்துல தட்டின மாதிரி இருக்கு? அந்த ஓட்டை கிட்டார்தானா இது?

அதுதான். பேர் ‘ட்ரிகர்’. திரையில் கௌபாய் நடிகர் ராய் ராஜர்ஸ் ஓட்டிய குதிரையின் பேரை வைத்திருக்கிறார். மார்ட்டின் நிறுவனத்தின் என்-20 மாடல், நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டார். 1969-இல் அவருடைய பழைய பால்ட்வின் கிட்டாரை ஒருவர் குடிபோதையில் மிதித்து உடைத்துவிட, நாஷ்வில் பழுதுபார்ப்பவரான ஷாட் ஜாக்சன் அதன் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி) கழற்றி இந்த மார்ட்டினில் பொருத்திக் கொடுத்தார். விலை 750 டாலர், நேரில் பார்க்காமலே வாங்கியது. நைலான் தந்தியின் மெத்தென்ற சத்தத்தோடு அந்தப் பிக்கப்பின் உலோக வாடை கலந்ததுதான் நீங்கள் தகரம் என்று சொல்வது.

ஓட்டை விழுந்த கதை எளிது. கிளாசிக்கல் கிட்டாரை விரலால் மீட்டவேண்டும், அதனால் பலகையைக் காப்பாற்ற மேலே தகடு ஒட்டியிருக்காது. இவர் பிக், அதாவது தந்தியைத் தட்டும் சின்னத் துண்டு, வைத்து அடிப்பார். வருடக் கணக்கில் உரசி உரசி மரம் தேய்ந்து, சத்தத்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளை வந்துவிட்டது. அம்மி தேய்ந்த மாதிரி. மாற்றமாட்டேன் என்கிறார். அதில் கையெழுத்துப் போட்ட நண்பர்கள் நூற்றுக்கும் மேல்.

இவர் தாளத்தை விட்டுட்டுப் பாடுறார், யாரும் சொல்லலையா?

சொல்லியிருக்கிறார்கள், நாஷ்வில் காலத்தில் அது ஒரு குறையாகவே பார்க்கப்பட்டது. ஆனால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே ஒரு முறை கேட்டுப் பாருங்கள். வரி தொடங்கவேண்டிய இடத்தில் தொடங்காது, கொஞ்சம் காத்திருந்து பின்னால் வரும், அப்புறம் நாலு வார்த்தையை அவசரமாக உருட்டிவிட்டுச் சரியான இடத்தில் வந்து நிற்கும். பல்லவியைச் சமத்தில் எடுக்காமல் தள்ளி எடுக்கிற வித்வானை ‘தாளம் விட்டுப் பாடுகிறார்’ என்று சொல்வோமா? ஜாஸ் பாடகர்களிடமிருந்து வந்த பழக்கம். கிட்டாரிலும் அவருக்கு ஜாஸ் கிட்டார்க்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட் மேல் தீராத பைத்தியம்.

பின்னால் இத்தனை காலி இடம் இருப்பதால்தான் (மேலே சொன்னேனே) இந்த முன்னே பின்னே விளையாட்டு நம் காதுக்குத் தெரிகிறது. வயலின் கூட்டத்துக்கு முன்னால் இதையே செய்தால் குழப்பமாகத்தான் இருக்கும்.

கூட வாசிக்கிறது யாரு யாரு?

பியானோ அவருடைய அக்கா பாபி நெல்சன், இரண்டு வயது மூத்தவர். இருவரும் சின்ன வயதிலிருந்தே சேர்ந்து வாசித்தவர்கள், 2022-இல் 91 வயதில் அக்கா இறக்கிறவரை. ‘டவுன் யாண்டர்’ என்ற துண்டில் அந்த அம்மா கையை நன்றாகக் கேட்கலாம், பழைய மதுக்கடைப் பியானோ மாதிரி துள்ளிக்கொண்டு போகும். ஹார்மோனிகா மிக்கி ரஃபேல், பேஸ் பீ ஸ்பியர்ஸ், டிரம்ஸ் பால் இங்கிலிஷ், கிட்டாரும் மாண்டலினும் ஜோடி பெயின். பக்கி மெடோஸ் என்பவரும் கிட்டார் வாசித்திருக்கிறார்.

எழுதிப் பாடுறவர்னு பெருமையா சொல்றீங்க, பாதிப் பாட்டு அடுத்தவன் எழுதினதாமே?

பாதிக்கும் மேல். இவர் எழுதியவை ‘டைம் ஆஃப் த ப்ரீச்சர்’, ‘ப்ளூ ராக் மொன்டானா’, ‘டென்வர்’, ‘பண்டேரா’, அவ்வளவுதான். பெரிய வெற்றி பெற்ற ‘ப்ளூ ஐஸ்’ ஃபிரெட் ரோஸ் எழுதியது, நாற்பதுகளில் ராய் ஏகஃப் பாடியது. ‘கேன் ஐ ஸ்லீப் இன் யுவர் ஆர்ம்ஸ்’ ஹாங்க் காக்ரன். ‘ரிமெம்பர் மீ’ ஸ்காட் வைஸ்மன். ‘ஹேண்ட்ஸ் ஆன் த வீல்’ பில் காலரி. ‘ஓவர் த வேவ்ஸ்’ மெக்சிகோவின் ஹுவென்டினோ ரோசாஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்ட வால்ட்ஸ் மெட்டு, சர்க்கஸில் கேட்டிருப்பீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பாட்டு எழுதி அடுத்தவருக்குக் கொடுத்துப் பிழைத்தவர், தன் பேர் சொல்லும் ஆல்பத்தை அடுத்தவர் பாட்டுகளை வைத்துக் கட்டினார். தனித்தனியாக எங்கெங்கோ கிடந்த காதல் பாட்டுகள், இவர் அடுக்கிய வரிசையில் வந்ததும் ஒரே ஆளின் வாழ்க்கையாகிவிட்டன. பழைய வீடுகளை இடிக்கும்போது தூணும் கதவும் வாங்கி வந்து புது வீடு கட்டுவார்களே, அது மாதிரி. கட்டியவர் யார் என்றால் மேஸ்திரி பேரைத்தானே சொல்வோம்.

‘ப்ளூ ஐஸ்’ சாதாரண பிரிவுப் பாட்டுதானே, அதுல என்ன விசேஷம்?

தனியாகக் கேட்டால் ஆமாம். மழையில் அழுத நீலக் கண்கள், இனி நினைவு மட்டும்தான் மிச்சம், மறு உலகத்தில் கைகோத்து நடப்போம், அவ்வளவுதான் சேதி. ஃபிரெட் ரோஸ் எழுதியபோது அதில் கொலை எதுவும் இல்லை.

ஆனால் ஆல்பத்தில் அது எங்கே வருகிறது என்று பாருங்கள். மதுக்கடையில் இருவரையும் சுட்டுவிட்டு வெளியே வந்த அடுத்த பாட்டு அது. மறு உலகத்தில் சந்திப்போம் என்கிறானே, அவளை அங்கே அனுப்பினது யார்? பாட்டில் கொலையைச் சேர்க்கவில்லை, வைத்த இடத்தால் அர்த்தத்தை மாற்றினார். முதல் பத்து தடவை எனக்கும் இது உறைக்கவில்லை. ஒரு நாள் ராத்திரி பேருந்தில் கேட்டுக்கொண்டு போனபோதுதான் சட்டென்று பிடிபட்டது, அதற்கப்புறம் தூக்கம் போய்விட்டது. இத்தனைக்கும் அது பாடகராக அவருக்குக் கிடைத்த முதல் நம்பர் 1 கன்ட்ரி பாட்டு, 1975 அக்டோபரில். சிறந்த ஆண் கன்ட்ரி பாடகருக்கான கிராமியும் அதற்குத்தான். வானொலியில் கேட்டவர்கள் பாதிப் பேர் காதலியை நினைத்து உருகியிருப்பார்கள்.

ரெண்டு பொம்பளைங்களைக் கொன்னவனை ஹீரோவாக்கி உருகுறது உங்களுக்கு உறுத்தலையா?

உறுத்துகிறது. கொலையைச் சொல்லும் பாட்டு அமெரிக்க நாட்டார் மரபில் ஒரு தனி வகையே, அதில் சாகிறவள் பெரும்பாலும் பெண்தான். மரபு என்று சொல்லிவிட்டால் அது சரியாகிவிடாது. மனைவியை விடுங்கள், அந்த மஞ்சள் முடிக்காரி என்ன செய்தாள்? குதிரையைத் தொட்டாள். அவளுக்கு ஒரு பேர்கூட இல்லை, ஊரார் அவளைப் புதைத்துவிட்டுப் போகிறார்கள், பாட்டும் போய்விடுகிறது.

ஆல்பம் அவனைப் பாராட்டுகிறதா என்றால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவன் செய்ததை நியாயப்படுத்த ஒரு வரி இல்லை, சட்டம் விட்டுவிட்டது என்று சொல்கிற இடத்தில்கூட மெட்டில் ஒரு சந்தோஷமும் இல்லை. கோபம் ஒரு பக்கத்தோடு முடிந்துவிட, அடுத்த பக்கம் முழுக்க அந்தச் சுமையோடு ஒருவன் எப்படி உட்காருவான், எப்படித் தூங்குவான் என்பதுதான் பேச்சு. ஆனால் கடைசியில் அவனுக்கு இன்னொரு பெண்ணும் நிம்மதியும் கிடைத்துவிடுகிறது. அது நியாயமா என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை, காபி போடப் போய்விட்டேன்.

நடுவுல பாட்டில்லாம வர்ற ஒண்ணு சர்ச்சுல கேட்ட மாதிரி இருக்கே?

‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’. சார்லட் எலியட் 1835-இல் எழுதிய துதிப்பாடல். தமிழ்ப் பாமாலைப் புத்தகத்தில் ‘நான் பாவிதான், ஆனாலும் நீர்’ என்று இருப்பது இதன் தமிழ்தான். உங்கள் சபையில் வேறு மெட்டில் பாடினால் அடையாளம் தெரியாமல் போகலாம்.

வருகிற இடம் இங்கேயும் முக்கியம். மஞ்சள் முடிக்காரி செத்தபிறகு, ‘டைம் ஆஃப் த ப்ரீச்சர்’ துண்டு ஒரு தடவை வந்து போனபிறகு, முதல் பக்கத்தின் கடைசி. வார்த்தையே இல்லை, இசை மட்டும். வார்த்தை தெரிந்தவர்கள் மனதுக்குள் பாடிக்கொள்ளவேண்டியதுதான். பாதிரியாராக இருந்தவன் இதை எத்தனை ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடவைத்திருப்பான். இப்போது வாயைத் திறக்க முடியவில்லை போலிருக்கிறது.

‘அவுட்லா’ பாடகர்னு போட்டிருக்கே, ஜெயிலுக்குப் போனவரா?

அவுட்லா என்றால் சட்டத்துக்குக் கட்டுப்படாதவன், ஆனால் அந்தப் பட்டத்துக்கும் ஜெயிலுக்கும் சம்பந்தம் இல்லை. நாஷ்வில் தயாரிப்பாளர்கள் சொல்கிறபடி பாடமாட்டோம், எங்கள் ஆட்களை வைத்து எங்கள் இஷ்டப்படி பதிவு செய்வோம் என்று கிளம்பியவர்களுக்கு ஒட்டிய விளம்பரப் பேர் அது. வில்லி, வேலன் ஜென்னிங்ஸ், ஜெஸ்ஸி கோல்ட்டர், டாம்பால் கிளேசர் நால்வரின் பாட்டுகளைத் தொகுத்து 1976-இல் வந்த ‘வான்டட்! தி அவுட்லாஸ்’ தான் பிளாட்டினம் சான்றிதழ் வாங்கிய முதல் கன்ட்ரி ஆல்பம். அதற்கு வழிவிட்டது இந்த 4,000 டாலர் ஆல்பம் என்று சொன்னால் பெரிய மிகை இல்லை. இதுவே பிற்பாடு அமெரிக்காவில் 20 லட்சம் விற்பனைக்கான இரட்டை பிளாட்டினம் வாங்கியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் இருக்கிறது.

இது படமா வந்திருக்காமே, பார்த்தா கதை புரியுமா?

வந்தது, 1986-இல், பில் விட்லிஃப் இயக்கத்தில், வில்லி நெல்சனே பாதிரியாராக நடித்து. டெக்சஸில் தன் நிலத்தில் போட்ட கௌபாய் ஊர் செட்டை ‘லக்’ என்று பேர் வைத்து இன்னும் வைத்திருக்கிறார். படம் பார்த்தால் கதை புரியும், ஆனால் ஆல்பம் சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் படம் ஆள் வைத்து நிரப்பிவிட்டது. வயலின் சேர்க்கலாமே என்று கேட்டவர்களுக்கு அது பிடித்திருக்கலாம்.

எந்தப் பதிப்பு கேக்கணும்? நாலு பாட்டு அதிகமா இருக்கே ஒண்ணுல?

2000-இல் வந்த மறுவெளியீட்டில் கடைசியில் நாலு துண்டு கூடுதலாக இருக்கும், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் பேரில் உலவும் மினுவெட் என்ற ஒரு நடன மெட்டு உட்பட. கேட்க நன்றாகவே இருக்கிறது, ஆனால் கதையோடு சம்பந்தம் இல்லை. பதினைந்தாவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பதினைந்தாவதுல பாட்டே இல்லையே, கதையை முடிக்காம விட்டுட்டாரா?

அதன் பேர் ‘பண்டேரா’. டெக்சஸில் உள்ள ஒரு சின்ன ஊர். 1970 டிசம்பரில் நாஷ்வில் பக்கத்தில் இருந்த வில்லியின் வீடு தீப்பிடித்து எரிந்தது. எரிகிற வீட்டுக்குள் ஓடி அவர் தூக்கி வந்தது இரண்டே பொருள்: ஒன்று ட்ரிகர், இன்னொன்று ஒரு பொட்டலம் கஞ்சா, இதை அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். குடும்பத்தோடும் வாத்தியக்காரர்களோடும் டெக்சஸுக்குத் திரும்பி அவர் ஒண்டிக்கொண்ட இடம் பண்டேரா. பின்னால்தான் ஆஸ்டின்.

அதனால் கதையில் வராத ஒரு ஊரின் பேர் கடைசித் துண்டுக்கு ஏன் இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் இந்தத் தீ விபத்தைச் சொல்வேன். இரண்டே கால் நிமிடம், தீயிலிருந்து எடுத்து வந்த அதே கிட்டார்.